விடுபட்ட ஒரு ‘ங்கோ’

ரூபனுக்குப் பாவற்காய் பிடிக்காது என்ற செய்தி, கலியாணம் முடித்து எட்டு வருடம் கழித்துத்தான் முத்துலிங்கத்துக்குத் தெரியவந்தது. தைப்பொங்கலுக்கு முதல்நாள் மத்தியானம், மனைவி தயாளினி பாவற்காய்க் குழம்புச் சட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, “இவன் சின்னனிலயிருந்தே இதை வாயில வையான்” என்று சொல்லி முட்டையொன்று பொரித்தாள். முத்துலிங்கத்துக்கும் பாவற்காய் பிடிக்காது. எட்டு வருடமாக மூச்சுக் காட்டாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறான். ஒருவரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. சொல்லாததை அவள் எப்படி அறிவாள் என்று நியாயம் பேசுகிற நிலையில் அன்றைக்கு அவன் இல்லை. வயிறு எரிந்துகொண்டிருந்தது.

ரூபன் தயாளினியின் தாய்மாமன் மகன். ஒட்டுசுட்டானில் இருவரும் ஒரே வளவில் வளர்ந்தவர்கள். அவனுக்கும் அவளுக்கும்தான் முதலில் பேசினார்கள். சாதகம் பொருந்தவில்லை என்று சாத்திரியார் கையை விரித்த பிறகே, கண்டாவளையில் குடியேற்றத் திட்டக் காணியில் வயல் செய்துகொண்டிருந்த முத்துலிங்கத்தைத் தேடிப் பேச்சு வந்தது. இதைக் கலியாண வீட்டிலேயே, கமலாட்சி என்கிற புண்ணியவதி ஒருத்தி மாப்பிள்ளையின் காதுபட ஓதிவிட்டாள். அதற்குப் பிறகு இந்த எட்டு வருடத்தில் ரூபன் இரண்டு தடவைதான் வந்திருக்கிறான். இரண்டு தடவையும் காலையில் வந்து பின்னேரம் போனவன். இந்த முறை யுத்தநிறுத்தம் வந்து ஒரு கிழமை, தெருவெல்லாம் சனம் உறவு தேடி அலைந்த நேரம். தொண்ணூற்றைந்தாம் ஆண்டுத் தைப்பொங்கல். சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு, இரண்டு போத்தல் தேனோடு வந்து, “ஒரு கிழமை நிப்பன்” என்றான்.

முத்துலிங்கத்தை உண்மையில் குடைந்தது பாவற்காயும் இல்லை, முட்டையும் இல்லை. தயாளினி அவனை ‘நீ’ என்றாள். “டேய் ரூபன், இஞ்ச வா. இதைப் பிடி. அதை எடு. போடா விசரா.” இப்படித்தான் நாள் முழுக்க. புருசனுக்கோ எல்லாமே ‘ங்கோ’. வாங்கோ, இருங்கோ, சாப்பிடுங்கோ. பெயர் சொல்லவே மாட்டாள். ‘இஞ்சேருங்கோ’ என்பதுதான் அவனுக்குப் பெயர். அவனும் அவளை ‘நீர்’ என்பான், வாரும், தாரும் என்பான். அவனுடைய வீட்டில் தாயும் தகப்பனும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். பக்கத்து வளவுச் சனம், மரியாதையான குடும்பம் என்று சொல்லும். இவ்வளவு காலமும் அந்த மரியாதையில் அவனுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ரூபன் வந்த பிறகு அது துவைத்துச் சுருங்கிய சேட்டு மாதிரி அக்குளில் பிடிக்கத் தொடங்கியது.

பிள்ளைகளையும் அவள் அப்படியே பழக்கினாள். மூத்தவன் தர்சனுக்கு ஆறு வயது, அவன் தேறிவிட்டான். சின்னவள் சாரங்காவுக்கு மூன்று வயது. “அப்பா, வா” என்று கூப்பிட்டாளென்றால் உடனே தாய் வாயில் மெல்லத் தட்டுவாள். “வாங்கோ எண்டு சொல்லோணும்.” சாரங்கா ‘வாங்கோ’ என்பாள். அடுத்த நிமிடம் மறந்துபோய் ‘வா’ என்பாள்.

பிள்ளைகளும் மாமன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். பற்றறி கிடைக்காத காலமானபடியால் அந்த வீட்டு ரேடியோ மூன்று மாதமாக வாய் திறக்கவில்லை. முத்துலிங்கம் தட்டிப் பார்த்தான், வெயிலில் வைத்துப் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. ரூபன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, பெடலைச் சுற்று என்று தர்சனிடம் விட்டான். ரேடியோ பாடியது. தயாளினி குசினிக்குள்ளிருந்து ஓடி வந்து, கையில் அகப்பையோடு நின்று கேட்டாள். அவள் அப்படி வாய் திறந்து சிரித்து எத்தனை நாள் என்று முத்துலிங்கம் யோசித்தான். யோசிக்க யோசிக்க, தன்னால் அவள் அப்படிச் சிரித்ததே கிடையாது என்று அவனுக்கே தீர்ப்பாகிவிட்டது.

அன்றைக்கு வயல் வரம்பில் நிற்கும்போது ஒரு கேள்வி வந்து அவனைப் பிடித்துக்கொண்டது. ஒரு ஆபத்து அந்தரமென்றால் இவள் யாரைக் கூப்பிடுவாள்? கேள்வி கெட்ட கேள்வி என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டேயிருந்தான்.

பொங்கல் முடிந்து நான்காம் நாள் குளத்தின் மறுகரை ஐயனாருக்குப் பொங்குவது அந்த வீட்டு வழக்கம். நெல் கதிர் தள்ளுகிற நேரத்தில் ஐயனாருக்கு ஒரு பானை வைக்காவிட்டால் மனம் ஆறாது. ஆனால் அந்த வருடம் குளம் நிறைந்து வான் பாய்ந்தது. மிஞ்சின தண்ணீர் குளக்கட்டை ஊடறுத்து இடுப்பளவில் ஓடியது. கட்டு வழியாகப் போக ஒருவராலும் முடியாது.

“இந்த முறை விடுவம். தண்ணி வத்தினாப் பிறகு போய்ப் பொங்குவம்,” என்றாள் தயாளினி.

“ஏன் விடுவான்? காட்டுப் பாதையால சுத்திப் போகலாம்தானே,” என்றான் ரூபன். “பிள்ளையள் ரெண்டையும் நான் சைக்கிளில வைச்சுக் கொண்டுபோறன்.”

தர்சன் துள்ளினான். தயாளினி ரூபனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

“காட்டுக்குள்ள யானை நிக்குது,” என்றான் முத்துலிங்கம். “வள்ளத்தில போவம்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று யோசித்தான். வான் பாய்கிற குளத்தில், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு. இப்போது பின்வாங்கினால் ரூபனுக்கு முன்னால் முகத்தை எங்கே வைப்பது?

தயாளினியின் முகம் மாறியது. அவள் முதலில் பார்த்தது புருசனை இல்லை. ரூபனைப் பார்த்தாள். “ரூபன், நீ வேணுமெண்டா வீட்டில நில்லன்.”

“இல்லை. நானும் வாறன்,” என்றான் ரூபன் எச்சிலை விழுங்கிக்கொண்டு.

முத்துலிங்கத்துக்கு உச்சந்தலை கொதித்தது. தண்ணீரில் போகப்போவது கட்டினவனும் பெற்ற பிள்ளைகளும். இவளுக்கு மச்சானைப் பற்றித்தான் கவலை.

“நீங்கள்தானே வள்ளம் தள்ளுறியள்?” என்று தயாளினி அவனிடம் கேட்டாள்.

“வேற ஆர் தள்ளுறது? உம்மட மச்சானோ?”

அவள் பானையை எடுத்து அரிசியும் பயறும் சர்க்கரையும் கட்டத் தொடங்கினாள்.

வள்ளம் அப்புத்துரையுடையது. குளத்தில் வலை போடுகிறவர். வள்ளத்தைப் போலவே அவரும் பழசு. “வெடிப்புக்குத் தார் பூசிக் கிடக்கு. நாலு பேருக்கு மேல ஏத்தாதை,” என்றார். “நடுக்குளத்துப் பட்டமரப் பக்கம் போகாதை தம்பி. மேல தெரியிற கட்டையை விடத் தண்ணிக்குள்ள தெரியாத கட்டையள்தான் கனக்க.”

“எனக்குத் தெரியாத குளமே அண்ணை?” என்றான் முத்துலிங்கம். அது பொய்யில்லை. நடக்கப் பழகிய கையோடு அந்தக் குளத்தில் நீந்தப் பழகினவன். ஆட்கள் ஐந்து பேர் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. சின்னனுகள் ரெண்டும் சேர்ந்தால் ஒராள்தானே என்று தனக்குள் கணக்கை முடித்துக்கொண்டான்.

அவன் பின்பக்கம் நீளக் கம்போடு நின்றான். நடுவில் தயாளினி, மடியில் சாரங்கா, காலடியில் பானை. முன்பக்கம் ரூபன், தர்சனைக் கால்களுக்கிடையில் இருத்தி இரண்டு கையாலும் அணைத்தபடி. நல்ல வெயில். மற்றக் காலமென்றால் வெளித்தண்ணீரில் ஒரு வள்ளத்தைக் கண்டால் ஆமியின் ஹெலிகொப்டர் சுடாமல் போகாது. இப்போது வானத்தில் கொக்குகள்தான் பறந்தன. சாரங்கா வழி நீளத் தண்ணீரை அளைந்தாள். தயாளினி கூட ஒரு கட்டத்தில் முகம் தெளிந்து, “நல்ல குளிர்மையாக் கிடக்கு, என்ன?” என்றாள்.

யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை. முன்பக்கம் பார்த்துத்தான் இருந்தாள். முத்துலிங்கம் கம்பை ஆழமாக ஊன்றினான். வள்ளத்தில் ஏறியதிலிருந்து ரூபன் வாயே திறக்கவில்லை. ராசா மௌனம் காக்கிறாராக்கும் என்று முத்துலிங்கம் நினைத்தான்.

கொஞ்சத் தூரம் போன பிறகு ரூபன் திரும்பாமலே, “அண்ணை, கரையோடயே போவமே,” என்றான்.

அதுவரை முத்துலிங்கம் கரையோடுதான் போய்க்கொண்டிருந்தான். அப்படியே போயிருந்தால் ஒன்றும் நடந்திராது. ஆனால் இந்தக் குளத்தில் எப்படிப் போவது என்று ஒரு சைக்கிள் கடைக்காரன் தனக்குச் சொல்லித் தருவதா? கம்பை ஊன்றி வள்ளத்தைத் திருப்பி நேரே நடுக்குளத்துக்கு விட்டான். பட்டமரங்கள் வெள்ளையாய் நின்றன. அவற்றைச் சுற்றித் தாமரை மலர்ந்து கிடந்தது.

“அம்மா, பூ,” என்றாள் சாரங்கா.

“ஐயனாருக்கு ஒண்டு பிடுங்குவம்,” என்றான் முத்துலிங்கம். அன்றைக்கு முதல் தடவையாக அவனுக்குக் கொஞ்சம் சந்தோசமாக இருந்தது. மகளுக்குப் பூ, மனைவிக்கு முன்னால் ஒரு வீரம். வள்ளத்தைத் தாமரைக்குள் விட்டான்.

தண்ணீருக்குள் இருந்த கட்டையில் வள்ளத்தின் அடி ஏறியது. பெரிய சத்தமில்லை, கறகறவென்று ஒரு உரசல். முன்பக்கம் எழும்பி வலப்பக்கம் சரிய, தர்சன் வீரிட்டான். தயாளினி பாய்ந்து அவனுடைய சேட்டைப் பிடித்தாள். அந்தப் பாய்ச்சலில் மடி குலைந்தது. பூவுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்த சாரங்கா சரிந்த பக்கத்தால் தண்ணீருக்குள் போனாள்.

“பிடி,” என்று தயாளினி கத்தினாள். “பிடி, பிள்ளையைப் பிடி.”

அவளுடைய ஒரு கை தர்சனின் சேட்டில் இருந்தது. முகம் முன்பக்கம், ரூபன் இருந்த பக்கம் இருந்தது. முத்துலிங்கத்தின் காதில் விழுந்தது ‘பிடி’. எட்டு வருடத்தில் ஒரு நாளும் அவள் அவனிடம் சொல்லாத ‘பிடி’. அது அவனுக்கில்லை. அவன் உருட்டி உருட்டி வைத்திருந்த கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. ஆபத்தென்றால் இவள் ரூபனைத்தான் கூப்பிடுவாள்.

சாரங்கா முத்துலிங்கத்துக்குக் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தாள். பாவாடை காற்றுப் பிடித்துக் குமிழாகி அவளை ஒரு கணம் தாங்கியது. அவன் குனியவில்லை. கம்பைப் பிடித்தபடி ரூபனைப் பார்த்தான். உன்னைத்தானே கூப்பிடுகிறாள், பிடியன் பார்ப்போம் என்பது போல நின்று பார்த்தான். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான் அது. ரூபன் தர்சனை நெஞ்சோடு இறுக்கியபடி, உதடு வெளுத்து, அசையாமல் இருந்தான். அவன் சாரங்காவைப் பார்க்கவில்லை. முத்துலிங்கத்தைப் பார்த்தான்.

பாவாடைக் குமிழ் உடைந்தது. தாமரை இலை ஒன்று மேலே மூடிக்கொண்டது. அப்போதுதான் முத்துலிங்கம் பாய்ந்தான்.

அடியில் ஒன்றும் தெரியவில்லை. கலங்கல் தண்ணீரும் தாமரைத் தண்டுகளும். கையில் அகப்பட்டதெல்லாம் தண்டு. ஐயனாரே, ஐயனாரே என்று ஒன்றையே நினைத்துக்கொண்டு துழாவினான். மூச்சு முட்டி மேலே வந்து மறுபடி போனான். இரண்டாம் தரம் கையில் சிக்கியது தண்டாக இல்லை, தலைமயிராக இருந்தது. பிடித்து இழுத்தான்.

தயாளினி வாங்கி மடியில் குப்புறப் போட்டு முதுகில் அறைந்தாள். தண்ணீர் வந்தது. பிறகு இருமல் வந்தது. அதற்குப் பிறகு அழுகை வந்தது. அந்த அழுகையைக் கேட்டதும் முத்துலிங்கம் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துத் தொங்கியபடி தானும் அழுதான். தண்ணீரோடு தண்ணீராகப் போனதால் ஒருவருக்கும் தெரியவில்லை.

மறுகரையில் பொங்க வந்த சனம் கண்டுவிட்டு ஓடி வந்தது. பிள்ளைக்கு உடுப்பு மாற்றினார்கள், தேத்தண்ணி பருக்கினார்கள். இவர்களுடைய அரிசியும் பயறும் குளத்தோடு போயிருந்தபடியால் ஆளுக்கொரு பிடி அரிசி தந்தார்கள். தயாளினி சாரங்காவை இடுப்பிலிருந்து இறக்காமலே பொங்கினாள். திரும்பும்போது அவளும் பிள்ளைகளும் காட்டுப் பாதையால் போகும் உழவு மெசினில் ஏறினார்கள். வள்ளத்தை உரியவரிடம் சேர்க்க வேண்டும், அதற்கு முத்துலிங்கம் தனியே நின்றான்.

ரூபன் கரைக்கு வந்தான். தண்ணீர் தொடாத தூரத்தில் நின்றுகொண்டான்.

“அண்ணை, தயா கேட்டால் கம்பு சேத்தில சிக்கினதில பாயப் பிந்திப் போச்செண்டு சொல்லுங்கோ,” என்றான். “நானும் அப்பிடித்தான் சொன்னனான்.”

திரும்பி மெசினடிக்குப் போய்விட்டான். முத்துலிங்கத்துக்கு அவன் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போயிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். இத்தனை நாளும் அவன் பார்த்து எரிச்சல்பட்ட மனிதன் அவனைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருக்கிறான். அந்தப் பொய்க்குள் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். கரையோடு, ஒவ்வொரு அடியாகக் கம்பை ஊன்றித் திரும்பினான்.

பொழுதுபட வீட்டுக்கு வந்து, முற்றத்துக் கதிரையில் இருந்தான். தயாளினி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். சீலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

“கோவமே?” என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“அந்தரத்தில வாய் தவறிப் போச்சு. உங்களைப் போய்ப் பிடி, பிடி எண்டு ஏவிப் போட்டன். அதுவும் ரூபனுக்கு முன்னால. மனசில வைச்சிராதேங்கோ.”

அவன் குடிக்கப்போன கோப்பையை இறக்கினான். “என்னையே சொன்னனீர்?”

“வேற ஆரை?” அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “ரூபனையோ? அவன் சின்னனில எங்கட கிணத்துக்குள்ள விழுந்து செத்துப் பிழைச்சவன். முழங்கால் தண்ணியெண்டாலே நடுங்குவான். பிள்ளையளுக்காண்டிப் பல்லைக் கடிச்சுக்கொண்டு வந்தவன். அதுதான் நான் நிக்கச் சொன்னனான். அவனை நம்பியே நான் வள்ளத்தில ஏறினனான்? நீங்கள் தள்ளுறியள் எண்டபடியால்தான் பிள்ளையளோட ஏறினனான்.”

அவன் கொடியில் காய்ந்த சாரங்காவின் பாவாடையைப் பார்த்தான்.

“கம்பு சிக்காமலிருந்தால் அவள் தாழவே விட்டிருக்க மாட்டியள்,” என்றாள். “ரூபன் சொன்னவன்.”

இப்போது சொல்ல வேண்டும். கம்பு சிக்கவில்லை, நான்தான் நின்று பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தான். அவளுடைய முகத்தைப் பார்த்தான். மரியாதை தவறிவிட்டதே என்று வெட்கப்பட்டுக்கொண்டு நின்ற அந்த முகத்தைப் பார்த்த பிறகு வாய் மூடிக்கொண்டது. தேத்தண்ணியைக் குடித்தான். ஒரு இனிப்பும் தெரியவில்லை.

விடிந்தபோது ரூபன் போயிருந்தான். ஒரு கிழமை முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது. டைனமோவைக் கழற்றி ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒட்டுசுட்டானுக்கு வெளிச்சமில்லாத சைக்கிளில் போய்விட்டான் என்று தர்சன் சொன்னான். தயாளினி, “விசரன், சொல்லாமல் போட்டான்,” என்றாள். முத்துலிங்கத்துக்கு அந்த ‘விசரன்’ இப்போது எங்கும் எரியவில்லை. எரிவதற்கு அவனிடம் வேறு இருந்தது.

சாரங்காவைக் குளிப்பாட்டக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனான். நேற்றுவரை வாளித் தண்ணீரைக் கண்டால் குதிக்கிறவள், இன்றைக்கு வாளியைக் கண்டதும் பின்னால் போனாள். பிறகு ஓடி வந்து அவனுடைய காலைக் கட்டிக்கொண்டாள்.

“அப்பா, பிடி,” என்றாள்.

அவன் குனிந்து இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினான். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு மறுபடி சொன்னாள். “பிடி. விடாதை.”

குசினிக்குள்ளிருந்து தயாளினியின் குரல் வந்தது. “சாரங்கா, பிடியுங்கோ எண்டெல்லே சொல்லோணும்.”

“வேண்டாம்,” என்றான் முத்துலிங்கம். “அப்பிடியே சொல்லட்டும். நீரும் அப்பிடியே சொல்லும். எனக்குப் பழகோணும்.”